டீக் ஸ்லேட்டன்: விரலுக்குக் கிடைத்த விலக்கு, இதயத்துக்கு மறுக்கப்பட்ட விலக்கு

1962 மார்ச் 15 அன்று நாசா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பூமியைச் சுற்றிவரப் போகும் இரண்டாவது அமெரிக்கர் என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்த டொனால்டு ஸ்லேட்டன் அந்தப் பயணத்திலிருந்து நீக்கப்பட்டார். 'டீக்' என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அவருக்கு அப்போது வயது 38. அவ்வப்போது தாளம் தவறிய இதயம்தான் காரணம் என்றார்கள். அந்தக் கோளாறு அந்த வாரம் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இரண்டரை ஆண்டுகளாக அவருடைய மருத்துவக் கோப்பில் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் பயணத்துக்குப் பெயர் குறித்தார்கள். அதையே காரணம் காட்டிப் பெயரை அடித்தார்கள்.

ராணுவ விமானப் பயிற்சிக்கு மருத்துவ விலக்கு, அதாவது உடலில் ஒரு குறை இருந்தும் விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொள்ளும் அனுமதி, கேட்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "இந்தக் குறைக்கு விலக்கு கிடைக்குமா?" என்பதுதான். ஸ்லேட்டனின் கதையைப் படித்த பிறகு அந்தக் கேள்வி போதாது என்று எனக்குத் தோன்றியது. ஒரே மனிதர் மூன்று முறை மருத்துவ அதிகாரிகளின் முன் நின்றார். 1942இல் விரலுக்காக, 1962இல் இதயத்துக்காக, 1972இல் அதே இதயத்துக்காக. மூன்று தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நோயின் பெயரைவிட வேறொன்று முடிவைத் தீர்மானித்திருப்பது தெரியும்.

ஒன்பது விரல்களோடு

ஸ்லேட்டன் 1924இல் விஸ்கான்சின் மாநிலத்தில், ஸ்பார்ட்டா என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணையில் பிறந்தவர். ஐந்து வயதில், வைக்கோலுக்குப் புல் அறுக்கும் எந்திரத்தில் சிக்கி இடது மோதிர விரலை இழந்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும், 1942இல், அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் சேர விண்ணப்பித்தார்.

உறுப்பு இழந்தவரை விமானியாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. விமானத்தை ஓட்டத் தேவைப்படாத ஒரே விரல் இடது மோதிர விரல்தான் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அவர் பயிற்சிக்குத் தகுதி பெற்றார். டெக்சாஸில் பயிற்சி, 1943 ஏப்ரலில் விமானிக்கான சிறகுச் சின்னம். பிறகு பி-25 குண்டுவீச்சு விமானத்தில் ஐரோப்பாவில் 56 போர்ப் பறப்புகள், ஜப்பானுக்கு எதிராக ஏ-26 விமானத்தில் மேலும் ஏழு.

இந்த முடிவில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் கேட்ட கேள்வியின் துல்லியம். கை முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. விசைநெம்பைப் பிடிக்கவும், முடுக்கியைத் தள்ளவும், பொத்தான்களை அழுத்தவும் எந்தெந்த விரல்கள் வேண்டும் என்று பார்த்தார்கள். குறையை விட்டுவிட்டு வேலையிலிருந்து தொடங்கிய ஆய்வு அது. நல்ல மருத்துவ விலக்கு எல்லாமே இப்படித்தான் தொடங்கும். ஆனால் காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 1942இல் அமெரிக்கா முழுப் போரில் இருந்தது. விமானிகளைப் பயிற்சிக் கூடங்கள் ஆயிரக்கணக்கில் உருவாக்க வேண்டிய நேரம். ஒன்பது விரல் இளைஞனைத் திருப்பி அனுப்பினால் அந்த இடத்துக்கு இன்னொருவனைத் தேட வேண்டியிருந்தது.

பிரிட்டனில் டக்ளஸ் பேடர் என்ற விமானியின் விஷயத்திலும் இதே காற்றுதான் வீசியது. 1931 டிசம்பர் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்த அவர், செயற்கைக் கால்களோடு மீண்டும் நன்றாக ஓட்டிக் காட்டினார். ஆனாலும் விதிப்புத்தகத்தில் அவரைப் போன்ற ஒருவருக்கு இடமில்லை என்று 1933இல் விமானப்படை அவரை ஓய்வில் அனுப்பியது. 1939இல் போர் மூண்டதும் அதே விமானப்படை அவரைப் பறப்புச் சோதனைக்கு அழைத்து மறுபடி சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அவருக்குக் கால்கள் முளைத்துவிடவில்லை.

சுழல் எந்திரத்தில் தெரிந்தது

போருக்குப் பிறகு ஸ்லேட்டன் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்தார்; போயிங்கில் வேலை பார்த்தார்; மீண்டும் விமானப்படைக்குத் திரும்பி எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனை விமானியானார். 1959இல், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் அமெரிக்காவின் முதல் திட்டமான மெர்குரிக்காக 508 சோதனை விமானிகளின் பதிவேடுகளை நாசா அலசியது. 110 பேர் தகுதி பெற்றார்கள். 32 பேர் முழு மருத்துவச் சோதனைக்கு உட்பட்டார்கள். அல்புகர்க்கியின் லவ்லேஸ் மருத்துவமனையிலும் டேட்டன் நகரத்து விமானப்படை ஆய்வகத்திலும் நடந்த அந்தச் சோதனைகள் மிகக் கடுமையானவை. அவற்றைத் தாண்டித்தான், தேர்வான எழுவரில் ஒருவரானார் ஸ்லேட்டன்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பென்சில்வேனியாவின் ஜான்ஸ்வில் கடற்படை ஆய்வகத்தில், விண்பயணத்தின் அழுத்தத்துக்கு உடலைப் பழக்கும் ராட்சதச் சுழல் எந்திரத்தில் ஏறுவதற்கு முன் மார்பில் மின்வாய்களை ஒட்டினார்கள். இதய மின்வரைபடத்தில் துடிப்பு ஒழுங்கற்று இருந்தது. விண்வெளி வீரர்களின் மருத்துவர் வில்லியம் டக்ளஸ் அதைக் கவனித்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறை நடுக்கம். காரணம் தெரியாத வகை.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கிக் கீழறைகளுக்கு இரத்தத்தைத் தள்ள வேண்டும். இந்தக் கோளாறில் அவை சுருங்காமல் வெறுமனே அதிர்கின்றன. கீழறைகள் தாறுமாறான இடைவெளியில் துடிக்கின்றன. உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாமலேகூடப் போகலாம். ஆனால் மேலறைகளின் தள்ளல் இல்லாதபோது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம், தோராயமாக ஐந்தில் ஒரு பங்குவரை குறையலாம். அட்லஸ் ராக்கெட் மேலே போகும்போதும் விண்கலம் திரும்பி இறங்கும்போதும் உடல் எடை ஏழெட்டு மடங்காக அழுத்தும். அந்த நேரத்தில் அந்த ஐந்தில் ஒரு பங்கு இல்லாமல் போனால் என்ன ஆகும்? நடுக்கம் நீடித்தால் மேலறையில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம் என்ற அச்சமும் இருந்தது.

ஸ்லேட்டனுக்கு இது நிரந்தரமாக இருக்கவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை வரும், போகும். வராத நாளில் எடுத்த மின்வரைபடம் சுத்தமாக இருக்கும். லவ்லேஸில் அகப்படாததற்கு அதுதான் காரணம். விட்டுவிட்டு வரும் கோளாறுகளை ஒருநாள் பரிசோதனை பிடிப்பதும் தவறவிடுவதும் பாதி தற்செயல். விலக்குக் கோப்புகளைப் பார்ப்பவர்கள் இதை அறிந்தவர்கள். ஒற்றைச் சுத்தமான அறிக்கையை வைத்துக்கொண்டு வாதாடும் விண்ணப்பதாரர் தோற்பது இதனால்தான்.

குழுவுக்கு மேல் குழு

மருத்துவர் டக்ளஸ் அவரை பிலடெல்பியா கடற்படை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்குள்ள இதயப் பிரிவுத் தலைவர், இதைப் பொருட்படுத்த வேண்டாம், விண்வெளி வீரராகத் தேர்ந்ததை இது பாதிக்கக் கூடாது என்றார். சான் அன்டோனியோவிலிருந்த விமானப்படையின் வான்மருத்துவப் பள்ளியும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஒரு மருத்துவர் பின்னர், ஸ்லேட்டனைப் பறக்கவிட வேண்டாம் என்று நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு எழுதினார். இருந்தும் 1961 நவம்பரில், பூமியைச் சுற்றவிருந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளெனுக்கு அடுத்த பயணம் ஸ்லேட்டனுடையது என்று அறிவிப்பு வந்தது. அவர் தன் கலத்துக்கு 'டெல்டா 7' என்று பெயர்கூட வைத்துவிட்டார்.

1962 தொடக்கத்தில் வெப் மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். விமானப்படையின் தலைமை மருத்துவர் கூட்டிய குழு ஸ்லேட்டனைப் பரிசோதித்துத் தகுதியானவர் என்றது. கோப்பு அங்கே நிற்கவில்லை. விமானப்படைச் செயலர் யூஜின் ஸக்கர்ட் அதை மூன்று குடிமை இதய நிபுணர்களிடம் அனுப்பினார்: ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஹார்வி, வாஷிங்டன் மருத்துவமனை மையத்தின் தாமஸ் மாட்டிங்லி, தேசிய சுகாதார நிறுவனத்தின் யூஜின் பிரான்வால்டு. அந்தத் துறையில் அவர்களைவிடப் பெரிய பெயர்களைத் தேடுவது கடினம்.

மூவரும் சொன்னதுதான் இந்த வழக்கின் மையம். இந்தக் கோளாறு பயணத்தில் அவருடைய உடலின் செயல்பாட்டைக் கெடுக்குமா, கெடுக்காதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படி இருக்கையில், இந்தக் கோளாறு இல்லாத ஒரு வீரர் கைவசம் இருந்தால் அவரையே அனுப்பலாம் என்றார்கள்.

இதில் எங்கும் "தகுதியற்றவர்" என்ற தீர்ப்பு இல்லை. மருத்துவம் தன் எல்லையில் நின்றுவிட்டது. மீதியை எண்ணிக்கை முடித்துவைத்தது. கைவசம் ஆள் இருந்தார்களா? இருந்தார்கள். எழுவர் தேர்வாகியிருந்தார்கள். ஸ்லேட்டனுக்கு மாற்றாக வால்ட்டர் ஷிராவும், கிளெனுக்கு மாற்றாகப் பயின்ற ஸ்காட் கார்ப்பென்டரும் தயாராக நின்றார்கள். கார்ப்பென்டர் மே 24 அன்று பறந்தார்.

ஜூன் மாதம், அமெரிக்காவின் புகழ்பெற்ற இதய மருத்துவரான பால் டட்லி ஒயிட்டும் ஸ்லேட்டனைப் பரிசோதித்தார். முடிவு மாறவில்லை. அடுத்து விமானப்படையே அவருடைய பறப்புத் தகுதியைக் குறைத்தது. உடன் இன்னொரு விமானி இல்லாமல் ஜெட் விமானத்தில் ஏறக் கூடாது என்ற நிலை. 1963 நவம்பரில் அவர் விமானப்படையை விட்டு விலகினார்.

சரியான முடிவு, மோசமான வழி

மூன்று நிபுணர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1962 மார்ச்சில் பூமியைச் சுற்றி வந்த மனிதர்கள் உலகம் முழுவதும் மூன்றே பேர்: ககாரின், தீத்தோவ், கிளென். எடையின்மை ஆரோக்கியமான இதயத்தையே என்ன செய்யும் என்று தெரியாத காலம் அது. தீத்தோவ் 1961இல் சுற்றுப்பாதையில் குமட்டலால் அவதிப்பட்டிருந்தார். ஏற்கெனவே தாளம் தவறும் இதயத்தை அந்த இருட்டுக்குள் அனுப்ப, "தெரியவில்லை, ஆனாலும் அனுப்புங்கள்" என்று கையெழுத்திடும் மருத்துவரை நான் மதிக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி 1959இலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும். முதல் குழு தகுதியானவர் என்றது; இரண்டாவதும் தகுதியானவர் என்றது. அவர் நிலையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, விரும்பிய பதில் வரும்வரை கோப்பு மேலே மேலே ஏறியது. கிளெனின் பயணம் முடிந்து உலகத்தின் கண் அடுத்த பயணத்தின் மேல் திரும்பிய பிறகுதான் மேலிடத்துக்குப் பயம் வந்தது. ஒரு மனிதனைப் பெயர் சொல்லி நாட்டின் முன் நிறுத்திவிட்டு, பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பின்வாங்குவது நிர்வாகத்தின் கோழைத்தனம். அதற்கு மருத்துவத்தின் பெயரைப் போர்த்தக் கூடாது.

விலக்கு முறைக்கு இன்றுள்ள கட்டுக்கோப்பின் தேவை இங்கேதான் புரிகிறது. அமெரிக்க விமானப்படையில் இன்று யார் முடிவெடுப்பார், எந்த அளவுகோலால் எடுப்பார் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சிக்கலான கோப்புகள் ஒஹையோ மாநிலத்தில் ரைட்-பேட்டர்சன் தளத்திலுள்ள வான்மருத்துவ ஆலோசனைப் பிரிவுக்குப் போகின்றன. விலக்கு கேட்கப்படும் நிலை திடீரென்று விமானியைச் செயலிழக்க வைக்கக் கூடாது. அவருக்கே தெரியாமல் திறனை மெல்லக் குறைக்கும் வாய்ப்பு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். குணமாகியிருக்க வேண்டும், அல்லது பறப்பின் அழுத்தத்திலும் நிலையாக இருக்க வேண்டும். மறுபடி வருமானால் முதல் அறிகுறி எளிதில் தெரிய வேண்டும்; அந்த அறிகுறியே ஆபத்தாக இருக்கக் கூடாது. அரிய சோதனைகளோ உடலைத் துளைக்கும் பரிசோதனைகளோ அடிக்கடி தேவைப்படக் கூடாது. வசதியற்ற தொலைதூரத் தளத்திலும் சமாளிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

1962இன் ஸ்லேட்டனை இந்த அளவுகோலில் வைத்தால் முதல் இரண்டிலேயே தடுக்கிவிடுவார். ஆனால் ஏன் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். எதைக் காட்டினால் கதவு திறக்கும் என்றும் தெரிந்திருக்கும்.

எழுதப்படாத இன்னொரு அளவுகோலும் உயிரோடுதான் இருக்கிறது. புதிதாகப் பயிற்சிக்கு வருபவருக்கும் பறந்துகொண்டிருக்கும் விமானிக்கும் ஒரே நோய் வந்தால், விலக்கு விமானிக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். விமானியின் மேல் ஏற்கெனவே பெரும் பணமும் பல ஆண்டுகளும் செலவாகியிருக்கின்றன. புதியவருக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். இது இரக்கமற்றதாகத் தோன்றலாம். தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது, தெரியாமல் மனம் உடைவதைவிட நல்லது.

அதேபோல, ஒரே குறைக்கு விலக்குகள் குவியும்போது விதியே கரைவதும் உண்டு. லேசர் கண் சிகிச்சை ஒருகாலத்தில் விமானிக் கனவின் முடிவு. வருடக்கணக்கான ஆய்வுகளுக்குப் பிறகு, 2007இல் அமெரிக்க விமானப்படை லாசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் விமானப் பயிற்சியின் கதவைத் திறந்தது. உயர வரம்பு இன்னும் தெளிவான சான்று. 5 அடி 4 அங்குலம் முதல் 6 அடி 5 அங்குலம் வரை என்ற தொடக்க நிபந்தனை, 20 முதல் 29 வயதுவரையுள்ள அமெரிக்கப் பெண்களில் சுமார் 44 விழுக்காட்டினரை வாசலிலேயே நிறுத்தியது. விலக்கு கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வரம்பைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே போனவர்களை யார் எண்ணுவது? 2020 மே மாதம் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இப்போது விண்ணப்பதாரரின் உடலளவை எடுத்து, எந்தெந்த விமானத்தில் பாதுகாப்பாக உட்கார முடியும் என்று பார்க்கிறார்கள். 1942இல் விரலுக்குக் கேட்ட அதே வகைக் கேள்வி.

பத்தாண்டுக் காத்திருப்பு

தரையில் நிறுத்தப்பட்ட ஸ்லேட்டன் நாசாவை விட்டுப் போகவில்லை. வீரர்களின் பொறுப்பாளரானார், பிறகு பறப்புக் குழுப் பணிகளின் இயக்குநர். மெர்குரிக்கு அடுத்து வந்த ஜெமினி, அப்பல்லோ திட்டங்களில் யார் பறப்பது என்று பெயர் குறித்தவர் அவர்தான். நிலவில் நடந்த பன்னிரண்டு பேரும் அவருடைய தேர்வுகளின் வழியே போனவர்கள். தான் போக முடியாத இடத்துக்கு மற்றவர்களை அனுப்புவதையே நாள்தோறும் வேலையாகச் செய்துகொண்டு அவர் எப்படித் தாங்கினார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அவர் அனுப்பியவர்களில், மெர்குரி எழுவரில் இன்னொருவரான ஆலன் ஷெப்பர்டும் ஒருவர். 1963இல் மெனியர்ஸ் என்ற உட்காது நோயால் தலைசுற்றல் வந்து ஷெப்பர்டும் தரையில் நிறுத்தப்பட்டிருந்தார். அப்போது புதிதாக இருந்த ஓர் அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டு, 1969இல் தகுதியை மீட்டு, 1971 பிப்ரவரியில் நிலவில் நடந்தார். முடிவை மாற்றியது மன்றாடல் அல்ல, நோயின் நிலையில் வந்த மாற்றம்.

ஸ்லேட்டனும் அதே பாதையில்தான் நடந்தார். புகையை விட்டார், காப்பியையும் மதுவையும் குறைத்தார், உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்தார். 1970இல் நடுக்கம் வருவது நின்றது. அவர் உடனே ஓடிப்போய் மனு போடவில்லை. நின்றது நின்றதுதானா என்று நாட்கணக்கு ஏறக் காத்திருந்தார். 1971 டிசம்பரில் மினசோட்டாவின் மேயோ மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் ஹரோல்டு மான்கின் இதய இரத்தக் குழாய்களுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம் வரை எல்லாவற்றையும் செய்து பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை. 1972 மார்ச் 13 அன்று, நீக்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு இரண்டு நாள் குறைய, நாசா அவருக்கு முழுப் பறப்புத் தகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

இடையில் மருத்துவர்களின் அறிவும் வளர்ந்திருந்தது. 1971 கோடையில் அப்பல்லோ 15 பயணத்தில் ஜேம்ஸ் இர்வினின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியதைத் தரையிலிருந்த மருத்துவர்கள் திரையில் பார்த்தார்கள். எல்லாச் சோதனையிலும் தேறியவர் அவர். 1973இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. 1991இல் இதயமே அவர் உயிரைக் கொண்டுபோனது. தேறியவர் பட்டியல், தேறாதவர் பட்டியல் என்ற கோட்டின் மேல் 1962இல் இருந்த நம்பிக்கை அதற்குப் பிறகு அதே அளவில் இருந்திருக்க முடியாது.

1973 ஜனவரியில், சோவியத் யூனியனோடு சேர்ந்து நடத்தவிருந்த அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில் இணைப்புக் கலத்தின் விமானியாக ஸ்லேட்டனின் பெயர் அறிவிக்கப்பட்டது. 1975 ஜூலை 15 அன்று, தாமஸ் ஸ்டாஃபோர்டு, வான்ஸ் பிராண்ட் இருவரோடு அவர் கிளம்பினார். வயது 51, அதுவரை விண்வெளிக்குப் போனவர்களில் அவரே மூத்தவர். ஜூலை 17 அன்று இரு கலங்களும் இணைந்தன. சோவியத் வீரர்கள் அலெக்ஸி லியோனோவும் வலேரி குபாசோவும் மறுபக்கத்தில் இருந்தார்கள்.

ஜூலை 24 அன்று கலம் இறங்கும்போது நச்சு வாயு உள்ளே புகுந்தது. மூவரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்லேட்டனின் நுரையீரலில் ஒரு சிறு நிழல் தெரிந்தது. அறுத்துப் பார்த்தபோது அது தீங்கற்ற கட்டி. பயணத்துக்கு முன் எடுத்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் அந்த நிழல் இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தால் புற்றுநோயா இல்லையா என்று பார்க்க அவரை மேசையில் கிடத்தியிருப்பார்கள். 1975 பயணம் அவர் இல்லாமல் போயிருக்கும். மாற்று வீரர் ஜாக் லௌஸ்மா முழுப் பயிற்சியோடு தயாராக இருந்தார்.